பெரிய கறி

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம் எங்கள் குழு ஒரு புரொஜெக்டை முடித்துக் கொடுத்தது. அதற்காக கம்பெனி எங்களை இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் ஸ்டேக் ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது. 2019 பிப்ரவரி. அந்த மாதிரி இடத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. நுழைந்ததும் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே மாட்டிறைச்சித் துண்டுகள் தொங்கின, நகைக்கடை மாதிரி வெளிச்சம் போட்டிருந்தார்கள். வாரக்கணக்கில் குளிரில் அப்படியே தொங்கவிட்டால் தண்ணீர் வற்றி, தசைநார் தளர்ந்து, ருசி இறுகிக்கொள்ளுமாம். பணியாள் ஒரு மரப்பெட்டியைத் திறந்து நீட்டினார். ஆறு கத்திகள். நமக்குப் பிடித்த கத்தியை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கறுப்பு மரக் கைப்பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆர்டர் ஒவ்வொருவராகப் போனது. ரிப் ஐ, டெண்டர்லாய்ன், மீடியம், மீடியம் ரேர். என் முறை வந்தபோது மேலதிகாரி முந்திக்கொண்டார். "இவள் பீஃப் சாப்பிட மாட்டாள், சால்மன் கொடுங்கள்." நல்ல மனிதர்தான். ஞாபகம் வைத்துச் சொல்கிறோம் என்ற பெருமைகூட அவர் முகத்தில் இருந்தது. பணியாள் என் கத்தியை எடுத்துக்கொண்டு போய், கூரில்லாத ஒரு மீன் கத்தியை வைத்துவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மாடு சாப்பிட்டு அப்போதே நாலு வருடம் ஆகியிருந்தது. செர்டாங்கில் யுபிஎம்மில் படித்த காலத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டலுக்கு வெளியே ரம்லி பர்கர் கடை. "ஆயாம் ஆத்தாவ் டாகிங்?" என்று கேட்பார். டாகிங் என்றால் மலாயில் இறைச்சி என்றுதான் அர்த்தம், ஆனால் கடையில் சொன்னால் மாடு. நம்ம வீட்டில் வெறுமனே 'கறி' என்றால் ஆடு என்கிற மாதிரி. ஒரு நாள் "டாகிங்" என்று சொன்னேன். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. முட்டையில் சுற்றிய அந்தப் பட்டியைத் தின்றுவிட்டு ரூமுக்குப் போய் தெர்மோடைனமிக்ஸ் படித்தேன்.

அப்படியென்றால் ஏன் அன்றைக்கு சால்மன் தின்றேன்? மேசையில் இன்னொரு தமிழர் இருந்தார். எங்களைப் போலவே கிள்ளான்காரர். அவர் மனைவியும் என் அம்மாவும் வெள்ளிக்கிழமை ஒரே கோயிலில் விளக்கு பூஜைக்கு உட்காருகிறவர்கள். விஷயம் அவ்வளவு சின்னது. (அவரும் அன்றைக்கு லாம்ப் சாப் சாப்பிட்டார். மெனுவை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் உறைத்தது.)

வீட்டுக்கு வந்தபோது பாட்டி மட்டும் விழித்திருந்தார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து. டிவியில் சத்தமில்லாமல் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. எங்க போன கண்ணு என்றார். மாட்டிறைச்சி சுட்டுத் தருகிற பெரிய கடை, ஆனா நான் மீன்தான் சாப்பிட்டேன் என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன்.

பாட்டி கேட்டார்: "சுட்டதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அப்டியே வச்சிருந்து குடுத்தானுங்களா, ஒடனே வெட்டிட்டானுங்களா? ஒடனே வெட்டுனா தண்ணியெல்லாம் ஓடிப் போய்டும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுட்ட இறைச்சியை ஐந்து பத்து நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது யூடியூபில் சமையல்காரர்கள் ஞானம் மாதிரி சொல்கிற விஷயம். காலையில் குங்குமம் வைக்காமல் பசியாறாத என் பாட்டிக்கு அது எப்படித் தெரியும்?

பாட்டியின் அப்பா துரை பங்களாவில் குசினிக்காரர். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். இது எனக்குத் தெரியாது. தாத்தாவின் அப்பா கங்காணியோடு கப்பல் ஏறி வந்த கதை, பால்மரம் வெட்டின கதை எல்லாம் வீட்டில் நூறு தடவை சொல்லப்பட்டிருக்கிறது. குசினி கதையை மட்டும் யாரும் சொன்னதில்லை. துரைக்கான மாட்டிறைச்சி 'கோல் ஸ்டோர்'லிருந்து உறைந்து கல் மாதிரி வரும் என்றார் பாட்டி. 1903-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனிதான் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்த இறைச்சியைக் கப்பலில் இறக்கிய கம்பெனி. நாங்கள் சின்ன வயதில் ஐஸ்கிரீம் வாங்கிய அதே பெயர் போட்ட சூப்பர்மார்க்கெட்.

துரை மாதத்துக்கு ஒரு தடவை கோலாலம்பூர் போவாராம். போய் வந்தால் பத்து ரோட்டுல ஒரு கடையில் இரும்புத் தட்டில் சத்தத்தோடு கொண்டு வந்து வைக்கிறான், நீயும் அப்படிச் செய் என்பாராம். பாட்டியின் அப்பா அந்தக் கடையைப் பார்த்ததே இல்லை. துரை தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டு, பட்டறையில் ஒரு இரும்புத் தகடு அடித்து வாங்கி, விறகடுப்பில் காய வைத்துப் பழகியிருக்கிறார். துரைக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். "வேல வாங்குற அளவுக்குப் பேசுவான்." அந்தக் காலத்துத் துரைமார் தமிழ் படித்துத் தேர்வு எழுதியவர்கள். அந்தத் தமிழ் பெரும்பாலும் ஏவல் வினையாகத்தான் இருந்திருக்கும்.

"மிச்சம் வருமா பாட்டி?"

"வரும். எலையில சுருட்டி மடியில வச்சிக் கொண்டாருவாரு. ஆத்தா அத மசாலா போட்டுப் பெரட்டும். பெரிய கறின்னு சொல்லுவோம். நம்ம லயத்துல எல்லாரும் திங்குறதுதான். மேல் லயத்துக்காரங்க திங்கமாட்டாங்க. அவங்க நம்ம கிணத்துலயும் தண்ணி எடுக்கமாட்டாங்க."

நம்ம லயம், மேல் லயம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் குரல் தாழும் விஷயம் அது. எப்போது நிறுத்தினீர்கள் என்றுதான் கேட்டேன். தாத்தா கோயில் கமிட்டியில் சேர்ந்த வருடம் என்றார். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்து, தாமானில் வீடு வாங்கி, கமிட்டியில் பொருளாளர் ஆனபோது, வீட்டிலிருந்த பழைய சட்டிகளையெல்லாம் தூக்கிப் போட்டார்களாம். அம்மா மருமகளாக வந்தபோது இந்த வீடு முப்பாட்டன் காலத்திலிருந்து மாடு தொடாத வீடாகியிருந்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் அப்படித்தான் தெரியும். அம்மா அதை முழுசாக நம்புகிறார். வெளியில் எந்தச் சாப்பாட்டுக்கடைக்குப் போனாலும் பீஃப் சமைக்கிற அதே சட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் மட்டும்தான் அந்தக் கேள்வி இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

பத்து ரோட்டுக் கடை எது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பத்து ரோடுதான் இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். இரும்புத் தட்டில் ஸ்டேக் என்றால் கொலிசியம் கஃபே. 1921-இல் திறந்தது. மேலே தங்கும் அறைகள், கீழே பாரும் சாப்பாட்டுக் கூடமும். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்தும் ஈயச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளைக்காரர்கள் வந்து குடித்த இடம். பாட்டியின் துரை சொன்னது இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேறு எது இருக்க முடியும்?

எனக்கு அதிர்ச்சி கடையின் பெயரைப் பார்த்தபோது வந்தது. கொலிசியம். அதை ஒட்டி நிற்கிறது கொலிசியம் தியேட்டர். எங்கள் கொலிசியம்! லோட்டஸ் ஃபைவ் ஸ்டார்காரர்கள் தமிழ்ப்படம் போடுகிற தியேட்டர். 2010-இல் எந்திரன் பார்க்க அப்பா என்னையும் தம்பியையும் கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கூட்டி வந்தார். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கச்சான் தின்றிருக்கிறோம். பக்கத்தில் இப்படி ஒரு கடை இருப்பதை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருப்பேன். ஒரு கதவு அங்கே இருப்பதாகப் பதியவில்லை.

அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். எங்கே போகிறோம் என்று சொன்னதும், "எத்தன தடவ அந்தப் பக்கம் படத்துக்குப் போயிருக்கேன், ஒரு தடவயும் உள்ள போனதில்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது நமக்கு இல்லல்ல?" என்றார் சாதாரணமாக. பிறகு, "அங்க சிக்கன் இருக்கும்ல?"

பேங்க் நெகாரா ஸ்டேஷனில் இறங்கி, சோகோவைத் தாண்டி நடந்தோம். பின்சந்தில் சனிக்கிழமை பாசார் மாலாமுக்குக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் உயரமான கூரை, மின்விசிறி, கறுத்துப்போன மரம், வெள்ளை மேசை விரிப்பு. பிப்ரவரியில் போன ஹோட்டல் மாதிரி மிரட்டுகிற இடமில்லை. நிறையக் காலம் உயிரோடு இருந்துவிட்ட இடம். வெள்ளைக்கோட்டுப் போட்ட சீனப் பெரியவர் மெனுவை வைத்துவிட்டு எங்களை அவசரப்படுத்தாமல் போய்விட்டார்.

இந்த மாதிரிச் சமையல் ஹைனானியர்களுடையது. மலாயாவுக்குப் பிந்தி வந்த சீனர்கள் அவர்கள். வியாபாரம், சுரங்கம் எல்லாம் ஹொக்கியென்காரர்களும் கேண்டனியர்களும் பிடித்துவிட்டிருந்த நேரம். மிஞ்சியது வெள்ளைக்காரன் குசினி. கப்பலிலும் பங்களாவிலும் கிளப்பிலும் சமைத்துக் கற்று, பின்னால் சொந்தமாகக் கோப்பிக்கடை போட்டார்கள். இன்றைக்கு நாம் தின்கிற சிக்கன் சாப், காயா ரொட்டி எல்லாம் அப்படி வந்தவை. அதைப் படித்தபோது எனக்கு ஒரு பொறாமை வந்ததை மறைக்க விரும்பவில்லை. குசினியிலிருந்து அவர்களுக்கு ஒரு சமையல் மரபும் கடைப் பெயர்களும் கிடைத்தன. எங்கள் குசினிக்காரர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய ஒருவரானார். எங்களிடமிருந்து போனதும் உண்டு, மிளகுத்தண்ணி 'முல்லிகடானி' ஆகி வெள்ளைக்காரன் சூப்புக் கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி. ஆனால் அதைச் சமைத்தவன் பெயர் எங்கே?

அப்பா சிக்கன் சாப் சொன்னார். நான் ஸ்டேக் சொன்னேன், மீடியம் ரேர். சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தண்ணீர் குடித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு, "எப்பேர்ந்து?" என்றார்.

"யுனிவர்சிட்டிலேர்ந்துப்பா."

"ம்."

அவ்வளவுதான் எங்கள் விசாரணை. ஒரு இரண்டு நிமிடம் கழித்து, "ஒங்கம்மாட்ட சொல்லாத," என்றார்.

பெரியவர் தட்டோடு வந்தார். மரப்பலகையில் பதித்த வார்ப்பிரும்புத் தட்டு. நாப்கினைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி சைகை காட்டினார். "பானாஸ், பானாஸ்." நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைத் துணியை நெஞ்சுக்கு முன்னால் திரை மாதிரி பிடித்துக்கொண்டோம். அவர் குழம்பை ஊற்றினார். சர்ரென்று ஒரு இரைச்சல், புகை, வெங்காய வாசனை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அப்பா சிரித்துவிட்டார். லோரி ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்த மாதிரி இருக்கு என்றார்.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்காது. இறைச்சியின் மேல்புறம் பழுப்பாகி அந்த வாசனை வருவதை மையார் வினை என்பார்கள். லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் விவரித்தது. 140 டிகிரி வாக்கில் அது வேகம் பிடிக்கும். மீடியம் ரேர் என்றால் துண்டின் நடுவில் 55 டிகிரி சுமார். ஆக ஸ்டேக் என்பதே வெளியே அனலும் உள்ளே இளஞ்சூடுமாக ஒரே துண்டுக்குள் நிறுத்தி வைக்கிற வித்தை. இரும்புத் தட்டு அந்த வித்தைக்கு விரோதி. தட்டில் தேங்கிய சூடு மேசையிலும் இறைச்சியை வேகவைத்துக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டு மெதுவாகத் தின்றால் முதல் துண்டு மீடியம் ரேர், கடைசித் துண்டு வெல் டன். ஹோட்டலில் தொங்கிய அந்த இறைச்சிக்குப் பக்கத்தில் இது வேறு சாதி உணவு. (சாதி என்று எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன், இருக்கட்டும்.) குழம்பு தூக்கலாக, மிளகு தூக்கலாக, சோறு போட்டுப் பிசையத் தோன்றுகிற ருசி. மேசையில் வூஸ்டர் சாஸ் போத்தல் இருந்தது. அதன் சேர்மானத்தில் வினிகர், நெத்திலியோடு புளியும் உண்டு. அப்பாவிடம் சொன்னேன். அவர் போத்தலை வாங்கி, கையைத் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு சிக்கன் சாப் முழுக்க அதை ஊற்றிக்கொண்டார்.

பாட்டி சொன்ன கதையை அப்போதுதான் எடுத்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

"தெரியாம என்ன? லயத்துல எங்க தாத்தாவுக்குப் பேரே குசினிதான். ஸ்ட்ரைக்கு நேரத்துல என்ன பண்ணுனாருன்னு பாட்டி சொன்னுச்சா?"

சொல்லவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் படித்திருந்தேன். ஆர். எச். நாதன் முன்னால் நின்றது. ஆணுக்கு நாள் கூலி சுமார் 50 காசு இருந்த காலம். கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவை இன்று படித்தால் தொண்டையை அடைக்கும். கள்ளுக்கடைகளை மூடு. பெண்களிடம் தவறாக நடக்காதே. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற விதியை எடு. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். அந்த வருடமும் கொலிசியம் பாரில் விஸ்கி சோடா ஓடியிருக்கும். அதை 'ஸ்தெங்கா' என்பார்கள், மலாய் 'ஸ்தெங்கா', பாதி. பாதி விஸ்கி, பாதி சோடா.

"எல்லாரும் வேலைக்குப் போவல. தாத்தா போனாரு," என்றார் அப்பா. "துரைக்குச் சோறு ஆக்கணும்ல. பின்னால ரொம்ப நாள் யாரும் பேசல. கெணத்துல வாளிய எடுத்து ஒளிச்சி வச்சிருவாங்களாம். நம்ம லயத்துக்காரங்களே."

"ஏன் போனாராம்?"

"யாருக்குத் தெரியும். பயந்திருப்பாரு. இல்ல அந்த வேலைய வுட்டா திரும்பப் பால்மரத்துக்குப் போவணும்னு நெனச்சிருப்பாரு. எட்டு புள்ளைங்க." அப்பா தட்டில் இருந்த உருளைக்கிழங்கை நகர்த்தினார். "கறி கொண்டு வந்தாருல்ல, அதுவும் ஒரு காரணமா இருக்கும்."

இந்த வரியை நான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாடு தின்னதை மட்டும்தான் எங்கள் வீடு மறைத்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். மேல் லயத்துக்காரர்களின் பார்வைக்காக, கோயில் கமிட்டிக்காக. அது உண்மைதான். ஆனால் அந்தக் கறியோடு வேறொன்றும் சுருட்டி மறைக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் பட்டினி கிடந்த வாரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. பாட்டிக்கு அப்போது ஏழு வயது. அவர் எதை மறந்தார், எதை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று வைத்தார்? நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பில் வந்தபோது அப்பா எட்டிப் பார்த்து, "ஒரு வாரத்துச் சாப்பாட்டுக் காசு," என்றார். கோபம் இல்லை. கணக்கு. பெரியவருக்குத் தனியாக ஐந்து வெள்ளி வைத்தார்.

பாட்டி ஒரு வாய் கேட்டிருந்தார். நான் கிளம்பும்போது காதருகில், "மிச்சம் இருந்தா கொண்டாடி" என்று சொல்லியிருந்தார். கடைசி மூன்று துண்டை பொங்குஸ் பண்ணி வாங்கிக்கொண்டேன். கொமுட்டரில் அப்பா அந்தப் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஷா ஆலாம் தாண்டும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை. நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா குளித்துக்கொண்டிருந்தார். ஒரு பீங்கான் தட்டில் வைத்துப் பாட்டியிடம் கொடுத்தேன். பல் இல்லை. ஒரு துண்டைக் கையால் நாராகப் பிய்த்து வாயில் அடக்கிக்கொண்டு ரொம்ப நேரம் சப்பினார். கண்ணை மூடவில்லை, அழவில்லை. "மொளகு ஜாஸ்தி," என்றார். "அப்பா இவ்ளோ போடமாட்டாரு." சக்கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

குளியலறைக் கதவு திறந்தது. அம்மா தலையில் துண்டோடு வந்து நின்றார். தட்டைப் பார்த்தார், பாட்டியின் விரலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா டிவி ரிமோட்டைத் தேடினார். வாசனையே சொல்லிவிட்டிருக்கும். அம்மா எதுவும் கேட்கவில்லை. பாட்டியின் கையை ஈரத்துணியால் துடைத்துவிட்டார், விரல் விரலாக, அவசரமில்லாமல். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

பாட்டி 2021-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில் போனார். காரியத்துக்குப் பதினைந்து பேர்கூட வர முடியவில்லை. படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம் என்று அம்மா போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கருவாடு, கீரை, ஆட்டுக்கால் சூப்பு.

அந்தப் பீங்கான் தட்டு பின்வாசலில் இருக்கிறது. அம்மா அதில் பூனைக்குச் சோறு வைக்கிறார்.